அடிக்கிற கைதான் அணைக்குமா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தெலுங்கு நாளேடுகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு சொல் மிகவும் பழகிப்போய்விட்டது. 'பிரேமோன்மாதி' என்பதே அச்சொல். காதல் பித்துத் தலைக்கேறியவன் என்று பொருள். காதலிக்க மறுத்தாள் என்றோ, உறவிலிருந்து விலகினாள் என்றோ ஒரு பெண் வெட்டப்படும் ஒவ்வொரு முறையும் இச்சொல் தலைப்பில் ஏறுகிறது. எல்லைக்கு இப்பால் தமிழ் நாளேடுகள் 'ஒருதலைக் காதல் விபரீதம்' என்று எழுதுகின்றன. மொழிகள் வேறானாலும் இரண்டு சொற்களும் செய்யும் வேலை ஒன்றே. சமூகம் வளர்த்தெடுத்த ஒரு குற்றத்தை அவை தனியொருவனின் மூளைக்கோளாறாக மாற்றிவிடுகின்றன. கோளாறு அவன் மண்டைக்குள் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால் தகப்பன் பதில் சொல்ல வேண்டியதில்லை. நண்பர்களும் கல்லூரியும் அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தவற்றைப் பார்த்தால் பித்துக் கதை நிற்காது. 2021 ஜனவரியில் சித்தூர் மாவட்டம் பெனுமூரு மண்டலத்தில், இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் வழிமறிக்கப்பட்டுக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் திருப்பதியில், கணினிப் பொறியாளராகப் பணியாற்றிய 27 வயதுப் பெண்ணின் எரிந்த உடல் ரூயா மருத்துவமனை வளாகத்தில் கிடந்தது. அவரைக் கொன்று, உடலைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து எரித்துவிட்டு, கொரோனாவில் இறந்துவிட்டதாக உறவினர்களை நம்பவைத்தவர் கணவரே என்பது காவல்துறையின் வழக்கு. அதற்கடுத்த ஆகஸ்ட் 15 அன்று குண்டூரில், தலித் சமூகத்தைச் சேர்ந்த பி.டெக். மாணவி பட்டப்பகலில், பலர் பார்த்திருக்கத் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் இன்ஸ்டாகிராமில் அறிமுகமானவன். 2022 அக்டோபர் 13 அன்று சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடும் ரயிலின் முன் தள்ளிவிடப்பட்டார்.

வழிமறிக்க இடம் பார்ப்பதும், கத்தி வாங்குவதும், பெட்டி கொண்டுவருவதும், உறவினர்க்குக் கதை கட்டுவதும் புத்தி பேதலித்தவனின் காரியங்களல்ல. தனக்கு உரிமையுண்டு என்று உறுதியாக நம்புகிறவனின் காரியங்கள் அவை. அந்த உரிமையை அவனுக்கு எழுதிக் கொடுத்தது யார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வீடு: முதல் பள்ளிக்கூடம்

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 72 சிறு குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தனர். வேறு சிலர் பார்க்கவில்லை. பார்த்த குழந்தைகள் பின்னர் அந்தப் பொம்மையைத் தாமும் அடித்தனர். பெரியவர் காட்டிய அடிகளோடு நிற்காமல் புதிய அடிகளையும் கண்டுபிடித்தனர். வன்முறை இரத்தத்தில் ஊறி வருவதில்லை, கண்ணால் கற்கப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இந்நாட்டின் வீடுகளில் குழந்தையின் கண்முன் இருப்பது பொம்மையன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் ஆந்திரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 38 விழுக்காடு. பெரியார் மண் என்று பெருமை பேசும் மாநிலத்தின் கணக்கு இது. அதைவிடக் கசப்பான செய்தி ஒன்றும் அதே ஆய்வில் உண்டு. சொல்லாமல் வெளியே போனால், சரியாகச் சமைக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என ஏழு காரணங்களை அடுக்கி, இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்காகக் கணவன் அடிப்பது சரியா என்று கேட்டபோது, ஆந்திரப் பெண்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் சரியே என்றனர்.

இந்தப் பெண்களைப் பழிப்பதில் பொருளில்லை. அவர்களும் அதே பள்ளியில் படித்தவர்களே. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று தமிழிலும் பழமொழி உண்டு. அடியும் அன்பும் ஒரே கையிலிருந்து வரும், எனவே அடியைப் பொறுத்துக்கொள், அணைப்பு பின்னால் வரும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த பழமொழி அது. அதைக் கேட்டு வளரும் பையனுக்கு அடிப்பது அன்பின் ஒரு வகையாகிறது. கேட்டு வளரும் பெண்ணுக்கு அடி வாங்குவது காதலின் விலையாகிறது. தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் தாமும் அடிபடும் வாய்ப்பு மிகுதி என்பதைக் குடும்பநல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டிவந்துள்ளன. பிள்ளைப் பருவத்தில் வன்முறையைக் கண்டும் பட்டும் வளர்ந்த ஆண்கள் துணைவியர் மீது கைநீட்டுவது அதிகம் என்பதை, ஏழு மாநிலங்களில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆய்வும் பதிவு செய்தது.

அடி மட்டுமே பாடமன்று, உடைமையும் பாடமே. சித்தூர் மாவட்டத்தின் தெலுங்கு வீடுகளில் 'மேனரிகம்' என்றும், நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளின் தமிழ் வீடுகளிலும் எல்லைக்கு இப்பாலும் 'முறைப்பெண்' என்றும் வழங்கும் வழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். அத்தை மகளைக் காட்டி, 'இவள் உனக்குத்தான்' என்று ஐந்து வயதுப் பையனிடம் சொல்வது வீட்டார்க்கு வேடிக்கை. பையனுக்கோ அது பட்டா. ஒரு பெண் தன் விருப்பத்தைச் சொல்வதற்கு முன்பே, சொல்லும் வயதை அடைவதற்கு முன்பே, ஓர் ஆணுக்கு உரியவளாகிவிட முடியும் என்பதே அவன் கற்கும் பாடம். பத்தொன்பது வயதில் கல்லூரித் தோழி ஒருத்தி 'விருப்பமில்லை' என்கிறபோது, பட்டாவில் வில்லங்கம் வந்ததைப் போல அவன் கொதிப்பது இதனால்தான். தனிச்சொத்தும் பெண்ணடிமையும் ஒன்றாகப் பிறந்தவை என்று 1884இல் எங்கெல்ஸ் காட்டியது ஏதோ பழங்கால ஆராய்ச்சி என்று நினைப்போர் சித்தூரின் ஒரு வீட்டு முற்றத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

நண்பர் வட்டம்: இரண்டாவது பள்ளி

அடிக்கும் வீட்டில் வளர்ந்த எல்லாப் பையன்களும் அடிப்பவர்களாக மாறுவதில்லை. வளர்ப்பு விதியன்று. வீட்டில் விழுந்த விதை முளைப்பதும் கருகுவதும் பெரும்பாலும் வெளியே, நண்பர்களிடையே தீர்மானமாகிறது. கனடாவின் சமூகவியலாளர் வால்டர் டிகெசெரெடி 1988இல் இதைக் கோட்பாடாகவே முன்வைத்தார். பெண்ணைத் துன்புறுத்துவதை ஆதரிக்கும், அதற்கு ஊக்கம் தரும் நண்பர்களை உடைய ஆண்களே அதில் இறங்கும் வாய்ப்பு அதிகம் என்பது அவரது முடிவு. கனடாவின் கல்லூரி வளாகங்களில் கண்ட உண்மை திருப்பதியின் தேநீர்க் கடைகளுக்கும் பொருந்தும்.

ஒருவன் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டதாகச் சொன்னவுடன், அவளுக்கே அது தெரியாத நிலையிலும், அவனுடைய கூட்டம் அவளை 'வதினா' என்று அழைக்கத் தொடங்குகிறது. தமிழ்க் கூட்டங்களில் 'அண்ணி'. கேலியாகத் தொடங்கும் இந்தப் பெயர்சூட்டல் உண்மையில் ஒரு பத்திரப்பதிவு. அவள் எண்ணைத் தேடித் தருகிறவன், பேருந்து நேரத்தைச் சொல்கிறவன், அவள் வேறொருவனோடு பேசியதைப் படமெடுத்து அனுப்புகிறவன் என்று வேலைகள் பிரிக்கப்படுகின்றன. அவள் மறுத்துவிட்டால் தோற்றது அவன் மட்டுமல்ல, கூட்டமே தோற்றதாகிறது. 'ஒரு பொண்ணு உன்னை இப்படிச் சொல்லிட்டாளா' என்ற கேள்வியில் ஆறுதல் இல்லை; அது ஏவல். அந்த இரவில் ஒரே ஒரு நண்பன், 'அவளுக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடு' என்று சொல்லியிருந்தால் எத்தனையோ பெண்கள் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

2008 டிசம்பர் 10 அன்று வாரங்கலில் இரண்டு பொறியியல் மாணவிகள் மீது அமிலம் வீசிய வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மூவர். நிராகரிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவன் ஒருவனே. மற்ற இருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நட்பு. பொள்ளாச்சியில் பெண்களை நட்பாகப் பேசி வரவழைத்து, வன்கொடுமை செய்து, படமெடுத்து மிரட்டிய கூட்டத்துக்கும் நட்பே கட்டுக்கயிறு. 2019இல் வெளிச்சத்துக்கு வந்த அவ்வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் பித்துப் பிடித்தது என்று எந்த நாளேடும் எழுதவில்லை.

இப்படிப்பட்ட நட்பு எங்கே விளைகிறது? திருப்பதி கல்வி நகரம். 1954இல் நிறுவப்பட்ட திருவேங்கடவன் பல்கலைக்கழகம், 1983இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐ.ஐ.டி. என்று பெரிய நிறுவனங்கள் அங்கே உள்ளன. அவற்றுக்கு மாணவர்களை அனுப்பும் தனியார் இன்டர்மீடியட் கல்லூரிகளும் விடுதிகளும் ஆந்திரம் முழுவதும் எண்ணற்றவை. பதினாறு வயதுப் பையனையும் பெண்ணையும் தனித்தனி வளாகங்களில் பூட்டி, மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பேசவிடாமல் இரண்டு ஆண்டுகள் பிழிந்தெடுக்கும் தொழிற்சாலைகள் அவை. எதிர்ப்பாலினத்தவரோடு தோழமையாகப் பேசிப் பழகாத பையன், பெண்ணைப் பற்றிக் கற்பதெல்லாம் கைப்பேசியின் ஆபாசப் படங்களிலிருந்தும், காதலியை அறைகிற நாயகனைக் காவிய நாயகனாகக் காட்டிய 2017ஆம் ஆண்டின் 'அர்ஜுன் ரெட்டி' போன்ற படங்களிலிருந்தும்தான். அந்தப் படம் தமிழுக்கும் இந்திக்கும் போனது, வசூலும் குவித்தது.

ஆந்திரத்தில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் பல பத்தாண்டுகளாக நடைபெறுவதில்லை. சங்கம் அமைக்கவும், வாதிடவும், ஒரு பெண் தலைவியின்கீழ் பணியாற்றவும் கற்கும் இடம் வளாகத்தில் இல்லை. மிஞ்சுவது நடிகரின் ரசிகர் மன்றமும், சாதிச் சங்கமும், பிளெக்ஸ் பலகையில் இடம் தேடித் தரும் உள்ளூர்ப் பிரமுகரின் பின்னால் திரியும் கூட்டமுமே. ஜனநாயகம் வெளியேற்றப்பட்ட வளாகத்தில் ஆணாதிக்கக் கும்பல் குடியேறுவதில் வியப்பில்லை.

இதற்கு ஒரு பொருளாதார அடித்தளமும் உண்டு. கிழக்கே ஸ்ரீசிட்டியின் மின்னணு ஆலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் பேருந்தேறிப் போகிறார்கள், திருப்பதியின் வளாகங்களில் படிக்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள். அதே கிராமத்துப் பையனுக்கு அப்பனின் மாந்தோப்பு கடனில் இருக்கிறது. நகரியின் விசைத்தறி நின்று நின்று ஓடுகிறது. பெங்களூருவில் கிடைப்பது ஒப்பந்த வேலை. எசமானனாக வளர்க்கப்பட்டவனுக்கு ஆளுவதற்கு எதுவும் மிச்சமில்லை. நவதாராளமயம் அவனிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு, ஒரே ஒரு குடிமகளை மட்டும் அவன் ஆட்சிக்கு விட்டுவைத்திருக்கிறது. அவளும் 'முடியாது' என்கிறபோது கத்தி எடுக்கிறான். இது அவனுடைய குற்றத்தைக் குறைக்கும் வாதமல்ல. அவனுடைய கோபத்தை உரிய முகவரிக்குத் திருப்ப வேண்டிய கடமை யாருடையது என்பதைச் சொல்லும் வாதம்.

மிரட்டுகிறவனுக்கு ஆயுதம் தந்தது யார்?

காதல் உறவில் வன்முறை கத்தியில் தொடங்குவதில்லை. கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பதில் தொடங்குகிறது. 'யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய்' என்பதும், 'இந்த உடை வேண்டாம்' என்பதும், 'அந்தத் தோழியோடு சேராதே' என்பதும் அடுத்தடுத்த படிகள். அவளுடைய நட்புகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்ட பிறகே முதல் அறை விழுகிறது. அப்போது அவள் போய்ச் சொல்ல ஆளிருக்காது.

வீட்டில் சொல்லலாமே என்கிறார்கள். சொன்னால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். கைப்பேசி பறிக்கப்படும், படிப்பு நிற்கும், அடுத்த முகூர்த்தத்தில் யாருக்கோ கழுத்தை நீட்ட வேண்டியிருக்கும். 'வீட்டில் சொல்லிவிடுவேன்', 'படத்தை உன் அப்பனுக்கு அனுப்பிவிடுவேன்' என்ற மிரட்டலுக்குக் கூர்மை எங்கிருந்து வருகிறது? படத்தைப் பார்த்தால் அப்பன் மிரட்டியவனை விட்டுவிட்டு மகளைத் தண்டிப்பான் என்ற உறுதியிலிருந்தே வருகிறது. பொள்ளாச்சிக் கும்பல் ஆண்டுக்கணக்கில் பிழைத்ததும் இதனால்தான். குடும்பத்தின் மானம் என்று எது போற்றப்படுகிறதோ, அதுவே கொடுமைக்காரனின் தோட்டா.

வீட்டைக் கண்டு பெண்கள் அஞ்சுவது கற்பனையுமல்ல. 2019 ஜூன் இறுதியில், சித்தூர் மாவட்டம் பலமநேரு அருகே, தலித் இளைஞரை மணந்து, குழந்தை பெற்றுச் சில நாள்களே ஆகியிருந்த பெண் கொல்லப்பட்டார். வழக்கில் சிக்கியவர்கள் அவருடைய தந்தையும் உறவினர்களும். 2025 ஏப்ரலில், மதமும் சாதியும் கடந்து தலித் இளைஞரை மணந்து, திருப்பதி காவல்துறையிடம் பாதுகாப்புக் கேட்டிருந்த சித்தூர்ப் பெண் ஒருவர், தந்தைக்கு உடல்நலமில்லை என்று அழைக்கப்பட்டுப் பிறந்த வீடு சென்றபின் இறந்தார். தற்கொலை என்றது பெண்ணின் குடும்பம். கொலை என்று குற்றம் சாட்டியது கணவர் தரப்பு. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் தலித் மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியதாகக் கைதானவர் அவரோடு பழகிய பெண்ணின் சகோதரர்.

காதலை மறுத்ததற்காகக் கொல்பவனையும் காதலித்ததற்காகக் கொல்பவனையும் நாளேடுகள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்துகின்றன. 'இவள் வாழ்வைத் தீர்மானிக்கும் உரிமை இவளுக்கு இல்லை' என்பதே இருவரும் படித்த பாடம். இருவரும் ஒரே வீட்டின் பிள்ளைகள்.

தூக்குமேடை, துப்பாக்கி, செயலி

அரசுகள் தரும் விடை என்ன? வாரங்கல் வழக்கின் மூவரும் மூன்றே நாள்களில் 'என்கவுன்ட்டரில்' சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே காவல் அதிகாரி ஆணையராக இருந்தபோது, 2019 டிசம்பர் 6 அன்று, ஐதராபாத் கால்நடை மருத்துவர் வன்கொலை வழக்கின் நால்வரும் அவ்வாறே கொல்லப்பட்டனர். மக்கள் இனிப்பு வழங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையம், அந்த நால்வரும் வேண்டுமென்றே சுடப்பட்டனர் என்று முடிவு சொன்னது. 2022 மே மாதத்தில் அறிக்கை வெளியானது. இனிப்பு வழங்கியோர் எவரும் அதைப் படிக்கவில்லை.

இந்தத் துப்பாக்கியின் பண்பு என்ன என்பதைத் தமிழ்நாட்டு உழைப்பாளிகள் மறக்க முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் செம்மரக் கடத்தல்காரர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றும் சொல்லப்பட்ட சொல் 'என்கவுன்ட்டர்' என்பதே. விசாரணையின்றிக் கொல்லும் அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கைதட்டிக் கொடுத்தால், அது பெண்களைக் காக்கப் பயன்படாது. ஏழைகள் மீதுதான் திரும்பும்.

ஐதராபாத் கொலைக்குப் பின் ஆந்திர சட்டமன்றம் 2019 டிசம்பர் 13 அன்று திஷா மசோதாவை நிறைவேற்றியது. 21 நாளில் தீர்ப்பு, மரண தண்டனை என்று முழங்கியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரில் காவல் நிலையங்களும் செயலியும் வந்தன. ஆட்சி மாறியது, 2025 மகளிர் தினத்தில் 'சக்தி' என்று வேறு செயலி வந்தது. பெயர் மாறியதைத் தவிர வளர்ப்பிலோ வளாகத்திலோ என்ன மாறியது? குண்டூர்க் கொலையாளிக்கு 2022 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. ஆறு மாதத்துக்குள் பரங்கிமலையில் இன்னொருவன் இன்னொரு பெண்ணைத் தண்டவாளத்தில் தள்ளினான். அவனுக்கும் 2024 டிசம்பரில் தூக்கு விதிக்கப்பட்டது. அடுத்தவன் கயிற்றைப் பார்த்து நடுங்குவான் என்பது கணக்கு. 'அவள் என்னுடையவள்' என்று நம்புகிறவன் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

தண்டனை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். முறையான விசாரணையும் தவறாத தண்டனையும் தேவை. ஆனால் தண்டனை பெண் இறந்தபின் வருவது. அவள் உயிரோடிருக்கையில் சட்டம் எங்கே நிற்கிறது? பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் குற்றம். முதல் முறை செய்தால் பிணையில் வரலாம் என்ற ஓட்டை புதிய நியாயச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கே பொருந்தும். காதலனிடம் அடிபடும் கல்லூரி மாணவிக்கு அதில் இடமில்லை. புகார் கொடுக்கப் போனால், 'நீ ஏன் அவனோடு பேசினாய்' என்பதே காவல் நிலையத்தின் முதல் கேள்வி.

பூட்டை மருந்தென்று விற்பவர்கள்

வலதுசாரிகளின் விடை இன்னும் ஆபத்தானது. பெண்ணைப் பூட்டி வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். 2009இல் மங்களூருவில் பெண்களை அடித்து விரட்டியதும், உத்தரப்பிரதேசத்தில் 'ரோமியோ எதிர்ப்புப் படை' அமைத்ததும், 'லவ் ஜிகாத்' என்று சட்டம் போட்டதும், உத்தராகண்டில் சேர்ந்து வாழ்வோர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டதும் இந்தப் பூட்டின் வெவ்வேறு வடிவங்கள். தமிழ்நாட்டில் 'நாடகக் காதல்' என்று கூச்சலிட்டுத் தருமபுரியில் தலித் குடியிருப்புகளை எரித்தவர்களும் இதே வரிசையினரே. பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்று 2009இல் பரிந்துரைத்த மாநிலங்களவைக் குழுவின் தலைவர் பக்கத்து நெல்லூர் மாவட்டத்து வெங்கையா நாயுடு என்பதும் நினைவில் இருக்கட்டும். உடலைப் பற்றியும் விருப்பத்தைப் பற்றியும் ஆசிரியர் சொல்லக் கூடாது என்றார்கள். அந்தப் பாடத்தை ஆபாசப்படக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

பூட்டு யாரைக் காக்கிறது? பூட்டப்பட்ட வீட்டின் அச்சமே மிரட்டுகிறவனின் மூலதனம் என்பதை மேலே கண்டோர்க்கு விடை தெளிவு. பெண்ணின் சுதந்திரம் குறையக் குறைய அவள் மீது பாயும் கை வலுக்கிறது. வீட்டில் பயமின்றிப் பேசக்கூடிய மகளை எவனாலும் படத்தைக் காட்டி மிரட்ட முடியாது.

இயக்கத்துக்குள் எழும் மூன்று முணுமுணுப்புகள்

கட்சி அணிகளிடையேயும் சில வாதங்கள் உலவுகின்றன. இது வர்க்கப் பிரச்சினையல்ல, இளைஞர்களின் சொந்த விவகாரம் என்பது முதலாவது. ஆலைக்குப் போகும் தொழிலாளிப் பெண் கூலி வாங்கிய கையோடு காதலனின் அனுமதிக்குக் காத்திருந்தால், அவள் சங்கக் கூட்டத்துக்கு வருவாளா? அடிமையை வீட்டில் வைத்துக்கொண்டு விடுதலையை வீதியில் முழங்க இயலாது.

பெண்களும் ஆத்திரப்படுகிறார்கள், அடிக்கிறார்கள், சந்தேகப்படுகிறார்கள் என்பது இரண்டாவது. உண்மையே. அடிக்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணும் அந்தப் பாடத்தைக் கற்றே வருகிறாள். அவளுக்கும் மாற்றுக் கல்வி வேண்டும். ஆயினும் அமிலம் எரித்த முகங்களும் ரயில் முன் விழுந்த உடல்களும் யாருடையவை என்று எண்ணிப் பார்த்தால், இரண்டையும் ஒரே தராசில் வைக்க எவருக்கும் கை வராது.

கைப்பேசியும் சினிமாவுமே காரணம் என்பது மூன்றாவது. வாரங்கலில் அமிலம் வீசப்பட்ட 2008இல் இன்ஸ்டாகிராம் பிறக்கவில்லை. கருவி பழைய பாடத்தை வேகமாகக் கொண்டுபோகிறது. பாடத்தை எழுதியது கருவியல்ல.

செய்ய வேண்டியவை

அரசுகளிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஒப்புதல், சமத்துவம், உடல் பற்றிய கல்வி பள்ளி வகுப்பறைகளில் தாய்மொழியில் நடத்தப்பட வேண்டும். வர்மா குழு 2013லேயே இதை வலியுறுத்தியது. வளாகங்களில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான உள்ளகக் குழுக்கள் காகிதத்திலிருந்து இறங்கிச் செயல்பட வேண்டும். அவற்றில் மாணவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஆந்திரத்தில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் மீண்டும் நடத்தப்பட வேண்டும். ஸ்ரீசிட்டி, திருப்பதி, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற இடங்களில் உழைக்கும் பெண்களுக்கு அரசு விடுதிகள் வேண்டும். அவை சிறைகளாக இருக்கக் கூடாது. 2018இல் உச்ச நீதிமன்றம் பணித்தபடி இணையர்க்குப் பாதுகாப்பு இல்லங்கள் மாவட்டந்தோறும் அமைய வேண்டும். சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் இனியும் தள்ளிப்போடப்படக் கூடாது. பின்தொடர்தல் குறித்த முதல் புகாரையே காவல்துறை வழக்காகப் பதிய வேண்டும். பஞ்சாயத்து பேசி அனுப்புவது குற்றத்துக்கு உடந்தையாகும்.

ஆனால் அரசு செய்யும்வரை காத்திராமல் கட்சி செய்யக்கூடியது ஒன்று உண்டு. நட்பு ஒருவனைக் கொலைகாரனாக்க முடியுமானால், நட்பே அவனைத் தடுக்கவும் முடியும். வாலிபர் அமைப்பின் ஒவ்வொரு கிளையும், மாணவர் அமைப்பின் ஒவ்வொரு அலகும் அத்தகைய நட்பின் இடமாக மாறியாக வேண்டும். பையன்களும் பெண்களும் சேர்ந்து சுவரொட்டி ஒட்டி, சேர்ந்து நிதி திரட்டி, சேர்ந்து தடியடி வாங்கிய இடத்தில், பெண் தோழரின் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய பையன் இன்னொரு பெண்ணின் 'இல்லை'யைக் கேட்டுக் கத்தி எடுக்க மாட்டான். 'வதினா' என்று கூட்டம் கூவும்போது 'அவளைக் கேட்டாயா' என்று கேட்பவன் ஒவ்வொரு கிளையிலும் ஒருவனாவது உருவாக வேண்டும். நிராகரிக்கப்பட்ட வேதனையில் இருப்பவனோடு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கவும், அழுவதில் அவமானமில்லை என்று சொல்லவும் தோழர்கள் வேண்டும். அறை வாங்கிய பெண் முதலில் நாடி வரும் கதவாக மாதர் அமைப்பின் கதவு இருக்க வேண்டும். அங்கே அவளுடைய உடையைப் பற்றியோ காதலைப் பற்றியோ ஒரு கேள்வியும் எழக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்று இருக்கிறது. கட்சி உறுப்பினரின் வீடும் ஒரு பள்ளிக்கூடம். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வந்து, சோறு ஆறிவிட்டதற்காகத் தட்டை வீசும் தோழரின் மகன் எந்த உரையைக் கேட்டு வளர்கிறான்? மகளின் கைப்பேசியைச் சோதித்துவிட்டு மகனின் கைப்பேசியைக் கண்டுகொள்ளாத தோழர், எந்த வர்க்கத்தின் ஒழுக்கத்தைக் காக்கிறார்? சாதி கடந்த காதலை ஊர்வலத்தில் ஆதரித்து, சொந்த மகள் சொன்னபோது பேச்சை நிறுத்திவிட்டவர் யாருடைய அணியில் நிற்கிறார்? இக்கேள்விகள் கிளைக் கூட்டங்களில் எழ வேண்டும். 'சொந்த விவகாரம்' என்று தள்ளிவைக்கும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். மனைவியை அடிப்பவர், எவ்வளவு மூத்தவராயினும், கட்சி ஒழுங்குக்கு உட்பட்டவரே.

அடிக்கிற கை அணைக்காது. அது அடக்கும், பின்பு மீண்டும் அடிக்கும். இதை முதலில் கட்சித் தோழர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம் என்ற முடிவை ஒவ்வொரு கிளையும் எடுக்கட்டும். சித்தூரின் சாலையிலும் பரங்கிமலையின் நடைமேடையிலும் இனி ஒரு பெண்ணும் விழாதிருக்க, வேலை அங்கிருந்து தொடங்குகிறது.